வலிக்காத கட்டி: ஏலமலைத் தோட்டப் பெண்களும் மார்பகப் புற்றுநோயும்

மார்பகப் புற்றுநோய் என்பது, மார்பகத்தின் பால் சுரப்பிகளிலோ பாலைக் காம்புக்குக் கொண்டுசெல்லும் நாளங்களிலோ உள்ள உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் நோயாகும். இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், ஏறத்தாழ 98 ஆயிரம் பெண்கள் இதனால் உயிரிழந்தனர் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது.

இந்நோய் குறித்த பொதுவான செய்திகள் பல இடங்களில் கிடைக்கின்றன. இப்பக்கம் போடிநாயக்கனூர் வட்டாரத்தையும் அதை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நோய் எங்கும் ஒன்றுதான். அதைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதத்துக்கான காரணங்களோ ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன.

தாமதம் எங்கே நேர்கிறது?

போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் பெண்கள் ஜீப்புகளில் மலையேறிச் செல்கின்றனர். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்து மாலையில் வீடு திரும்புகின்றனர். மலையிலேயே லயங்களில் தங்கி வேலை செய்யும் குடும்பங்களும் உண்டு. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு இயங்கும் நேரமும் தோட்டத்தில் வேலை நடக்கும் நேரமும் ஒன்றே.

எனவே, எந்த உடல்நலக் குறைவுக்கு ஒரு நாள் கூலியை இழக்கலாம் என்பதைப் பெரும்பாலும் வலியே தீர்மானிக்கிறது. காய்ச்சல் என்றால் படுக்கிறோம். இடுப்புப் பிடித்துக்கொண்டால் ஊசி போட்டுக்கொள்கிறோம். மார்பகப் புற்றுநோயின் தொடக்கக் கட்டியோ பெரும்பாலும் வலிப்பதில்லை. காய் பறிப்பதையும் அது தடுப்பதில்லை, சமைப்பதையும் தடுப்பதில்லை. ‘வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை’ என்ற எண்ணம் இயல்பானது. அந்த எண்ணமே இந்நோயில் ஆபத்தானது.

ஏலக்காய்ப் பறிப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தை, மாசி வரை நீளுகிறது. அந்த மாதங்களின் கூலியில்தான் ஆண்டுக் கடன்கள் அடைகின்றன. ஆவணியில் கையில் தட்டுப்பட்ட கட்டியைத் ‘தைப்பொங்கல் கழியட்டும்’ என்று தள்ளிவைத்தால், ஐந்து மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இவ்வகைத் தாமதத்தின் விளைவு அளந்து அறியப்பட்டுள்ளது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் லேன்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, அறிகுறி தோன்றி மூன்று மாதங்களோ அதற்கு மேலோ தாமதித்தவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு, விரைந்து வந்தவர்களைவிட 12 விழுக்காடு குறைவு என்று காட்டியது.

நம் நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. 2012 முதல் 2015 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் பெண்களின் விவரங்களை மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் ஆராய்ந்தன. நோய் மார்பகத்துக்குள் மட்டும் இருந்த நிலையில் வந்தவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்தனர். அக்குள் நெறிக்கட்டு போன்ற அருகிலுள்ள பகுதிகளுக்குப் பரவியபின் வந்தவர்களில் 65 பேர் கடந்தனர். எலும்பு, நுரையீரல், கல்லீரல் எனத் தொலைவுக்குப் பரவியபின் வந்தவர்களில் 18 பேரே கடந்தனர். நோய் எந்த நிலையில் இருக்கும்போது மருத்துவரிடம் செல்கிறோம் என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கு இம்மூன்று எண்களே போதும்.

மில்லிமீட்டர் கணக்கு

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் முதன்மையான ஊர்களுள் ஒன்று. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கு நடைபெறுகிறது. 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய்க்கு ஒரு விலை, 8 மில்லிமீட்டர் காய்க்கு வேறு விலை என்பது இவ்வூரில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மார்பகக் கட்டியையும் மருத்துவர்கள் மில்லிமீட்டரில்தான் அளக்கின்றனர்.

கட்டி 20 மில்லிமீட்டருக்கு மிகாமல், அக்குள் நெறிக்கட்டுகளுக்குப் பரவாமல் இருந்தால் அது முதல் நிலை. ஒரு பெரிய ஏலக்காயின் நீளம் ஏறத்தாழ இந்த அளவுதான். கட்டி 20 முதல் 50 மில்லிமீட்டர் வரை வளர்ந்திருந்தாலோ, சிறிய கட்டியே அக்குளுக்குப் பரவியிருந்தாலோ பொதுவாக இரண்டாம் நிலை எனக் கொள்ளப்படும். அதற்கு மேற்பட்டவை மூன்றாம், நான்காம் நிலைகள். மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்-கதிர்ப் படம், கைக்குத் தட்டுப்படாத சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியைக்கூடக் காட்டக்கூடும்.

கையில் தட்டுப்படும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. பத்தில் எட்டு, ஒன்பது கட்டிகள் தீங்கற்றவையே. இளம்பெண்களிடம் காணப்படும் நழுவும் நார்க்கட்டி, நீர்க்கட்டி, பாலூட்டும் தாய்மாருக்கு வரும் பால்கட்டு எனப் பலவகை உண்டு. ஆனால், எது தீங்கற்றது என்பதைத் தொட்டுப் பார்த்து வீட்டிலுள்ளோர் முடிவுசெய்ய இயலாது. அனுபவமிக்க மருத்துவரும் கையால் மட்டும் பார்த்து முடிவுசெய்வதில்லை.

கவனிக்க வேண்டிய மாற்றங்கள்

மார்பகத்திலோ அக்குளிலோ முன்பு இல்லாத கட்டி அல்லது தடிப்பு. ஒரு மார்பகத்தின் அளவோ வடிவமோ மாறுதல். தோல் உள்வாங்கிக் குழிவிழுதல். ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளிபுள்ளியாகத் தடித்தல். இயல்பாக வெளியே இருந்த காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல். காம்பைச் சுற்றி ஆறாத சொறி அல்லது புண். பாலூட்டாத காலத்தில் காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு. இவற்றுள் எது தோன்றினாலும் மருத்துவரை அணுகவும்.

இங்கே ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். பாலூட்டும் பெண்ணின் மார்பகம் சிவந்து வீங்கினால் அது பெரும்பாலும் பால்கட்டினால் வரும் அழற்சியே. ஆனால், மருந்து கொடுத்து ஓரிரு வாரங்களில் அது அடங்காவிட்டால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. அழற்சி வகைப் புற்றுநோய் அதே தோற்றத்தில் வரக்கூடும். பிள்ளை பெற்ற வயதில் இதெல்லாம் வராது என்று இருந்துவிடுவதும் தவறு. மேலை நாடுகளோடு ஒப்பிடுகையில் இந்தியப் பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னதாகவே, அதாவது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் மிகுதியாகக் காணப்படுகிறது.

ஆண்களுக்கும் இந்நோய் வரும். மொத்த நோயாளிகளில் அவர்கள் நூற்றில் ஒருவருக்கு மேல் இல்லை என்றாலும், ஆணின் மார்பில் காம்புக்கு அடியில் தோன்றும் கெட்டியான கட்டியையும் அலட்சியம் செய்யலாகாது.

சுயபரிசோதனை போதுமா?

மாதந்தோறும் குறிப்பிட்ட முறையில் சுயபரிசோதனை செய்துகொள்ளுமாறு பல்லாண்டுகளாக அறிவுறுத்தப்பட்டு வந்தது. சீனாவின் ஷாங்காய் நகரில் நெசவாலைகளில் வேலை செய்த 2 லட்சத்து 66 ஆயிரம் பெண்களிடம் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. 2002-இல் வெளியான அதன் முடிவு பலருக்கு ஏமாற்றம் அளித்தது. சுயபரிசோதனை கற்ற பெண்களிடையே இறப்பு குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்கான அறுவைப் பரிசோதனைகளே கூடின.

இதற்கு, மார்பகத்தைக் கவனிக்கவே வேண்டாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. நாள் குறித்து, விதிமுறைப்படி தடவிப் பார்க்கும் பயிற்சியைவிட, தன் உடலின் இயல்பை அறிந்திருந்து, அதில் மாற்றம் தெரிந்தவுடன் தாமதியாமல் மருத்துவரிடம் செல்வதே பயன் தரும். குளிக்கும்போது சோப்பு நுரையுடன் விரல்களின் உட்பகுதியால் இரு மார்பகங்களையும் அக்குளையும் உணர்ந்து பார்ப்பது எளிது. லயத்து வீடுகளில் தனிமை கிடைக்கும் நேரமும் பெரும்பாலும் அதுவே. மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் மார்பகம் இளகியிருப்பதால் மாற்றம் தெளிவாகத் தெரியும்.

பயிற்சி பெற்றவர் செய்யும் பரிசோதனையின் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான 1 லட்சத்து 51 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினரின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். 2021-இல் வெளியான முடிவுகளின்படி, அப்பிரிவினருக்கு நோய் முன்னதான நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்புகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. 50 வயதுக்குக் குறைந்தவர்களிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, பயிற்சி பெற்ற கைகளால் கிடைத்த பயன் இது.

தேனி மாவட்டத்துக்கு இது புதிதன்று

பெண்களுக்கான புற்றுநோய்க் கண்டறிதலில் தேனி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு முன்னோடி என்பதை இம்மாவட்டத்தாரே பலர் அறியார். உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்னோடிப் பரிசோதனைத் திட்டம் 2007-இல் இரண்டு மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. ஒன்று தஞ்சாவூர், மற்றொன்று தேனி. 30 வயதைக் கடந்த பெண்களை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செவிலியர்கள் பரிசோதித்தனர். அந்த அனுபவத்தின் அடிப்படையில் பின்னர் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டபோது, கருப்பை வாய்ப் பரிசோதனையுடன் மார்பகப் பரிசோதனையும், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் சேர்க்கப்பட்டன.

இன்று 30 வயது நிறைந்த எந்தப் பெண்ணும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனையிலோ உள்ள தொற்றா நோய்ப் பிரிவில் மார்பகப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். தேசிய நெறிமுறைப்படி, அறிகுறி இல்லாதவர்களுக்கு 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இப்பரிசோதனை செய்யப்படுகிறது. பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். பெண் செவிலியரோ பெண் மருத்துவரோ பார்க்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அறிகுறி தோன்றியவர்கள் இந்த ஐந்தாண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டாம். வயதையும் பார்க்க வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீடுகளுக்கே வருகின்றனர். ஆனால், அவர்கள் வரும் பகல் வேளையில் தோட்டத் தொழிலாளர் வீடுகள் பூட்டிக் கிடப்பது வழக்கம். பக்கத்து வீட்டாரிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து வைத்தால், உங்கள் பகுதிப் பணியாளர் உங்களைத் தொடர்புகொள்ள ஏதுவாகும். மலையிலேயே தங்கி வேலை செய்வோர், அவசியமெனில் நெடுங்கண்டம், அடிமாலி வட்ட மருத்துவமனைகளிலும் முதற்பரிசோதனை செய்துகொள்ளலாம். மாநில எல்லை இதற்குத் தடையன்று. எங்கே பார்த்தாலும் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையோடு கொண்டுவரவும்.

அறுபது நாட்கள்

கட்டி இருப்பதாகச் செவிலியர் கூறினால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத அச்சமே பலரை இரண்டாம் முறை வரவிடாமல் செய்கிறது. முதற்பரிசோதனைக்கு வருவதைவிட, மேற்பரிசோதனைக்கு வருவதே எந்தத் திட்டத்திலும் கடினமான படி. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்வோம்.

மேற்பரிசோதனைக்குப் பொதுவாக க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவீர்கள். அது தேனியிலிருந்து ஆண்டிபட்டி வழியாக மதுரை செல்லும் சாலையில் உள்ளது. அங்கு மூன்று சோதனைகள் நடைபெறும். முதலில் மருத்துவர் கையால் பரிசோதிப்பார். அடுத்து மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அவர்களுக்கு ஸ்கேனே பெரும்பாலும் ஏற்றது. மூன்றாவதாக, மரத்துப்போகும் ஊசி போட்டபின், சிறிய ஊசி ஒன்றின் மூலம் கட்டியிலிருந்து துளித் திசு எடுக்கப்படும். பயாப்ஸி எனப்படும் இச்சோதனைக்கு மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. முடிவு வரச் சில நாட்கள் ஆகும்.

‘ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும்’ என்று சொல்வோர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். இது உண்மையன்று. ஊசிச் சோதனையால் நோய் முற்றுவதில்லை. ஊசிக்கு அஞ்சி, பற்றுப் போட்டும் எண்ணெய் தடவியும் கழிந்த மாதங்களில் முற்றிய நோயின் பழியைக் கடைசியில் செய்த சோதனையின்மேல் போடுவதே இந்நம்பிக்கையின் மூலம் எனத் தோன்றுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய உலகளாவிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, ஒரு பெண் அறிகுறியோடு முதன்முதல் மருத்துவ நிலையத்துக்கு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் எது என்று உறுதி செய்யப்பட வேண்டும் என வரையறுத்துள்ளது. இந்த 60 நாட்களை நீங்களும் எண்ணலாம். முதன்முதலில் சென்ற தேதியைச் சீட்டின் மேல் எழுதி வைக்கவும். முடிவு வாங்கச் செல்லும் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும். தாமதமானாலோ, எங்கே செல்வது என்று தெரியாவிட்டாலோ 104 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கவும்.

யாருக்கு வருகிறது?

பெண்ணாக இருப்பதும் வயது கூடுவதுமே முதன்மையான காரணங்கள். நோயுற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இவ்விரண்டைத் தவிர வேறு காரணம் எதுவும் தென்படுவதில்லை. தாய், உடன்பிறந்தாள், மகள் ஆகியோருக்கு நோய் வந்திருத்தல், குறிப்பாக இளவயதில் வந்திருத்தல், வாய்ப்பைக் கூட்டும். பிள்ளைப்பேறு இன்மை, முதற்பேறு முப்பதுக்குமேல் தள்ளிப்போதல், மாதவிலக்கு நின்றபின் உடல் பருமன், மது ஆகியவையும் கூட்டும். பாலூட்டுதல் குறைக்கும். அடிபட்டதாலோ, குழந்தை உதைத்ததாலோ, கண்ணேறு பட்டதாலோ இந்நோய் வருவதில்லை. இது தொற்றுவதும் இல்லை.

ஏலத் தோட்டங்களில் மிகுதியாகத் தெளிக்கப்படும் பூச்சிமருந்துகள் இதற்குக் காரணமா என்பது மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. நியாயமான கேள்வியே. டிடிடி மருந்தை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் வகைப்படுத்தியது. எனினும், ஒரு பெண்ணின் மார்பகக் கட்டிக்கு இந்த மருந்துதான் காரணம் என்று சுட்டிக்காட்ட எந்தப் பரிசோதனையும் இல்லை. மருந்தடித்த தோட்டத்தில் குறித்த நாட்கள் கழியும் வரை காய் பறிக்காமலிருப்பதும், கையுறை அணிவதும், உண்பதற்குமுன் சோப்பிட்டுக் கை கழுவுவதும், வேலை உடையைத் தனியே துவைப்பதும் வேறு பல நஞ்சுத் தீங்குகளைத் தடுக்கும் என்பது உறுதி. மருந்து தெளிப்பதில்லை என்பதற்காக மார்பகப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்; தெளிக்கிறோம் என்பதற்காக நோய் வந்தே தீரும் என்று அஞ்சவும் வேண்டாம்.

சிகிச்சையும் மீண்டும் வேலையும்

தொடக்க நிலையில் கண்டறியப்பட்டால், பலருக்கு மார்பகத்தை முழுவதும் அகற்ற வேண்டியதில்லை. கட்டியையும் அதைச் சுற்றிய சிறு பகுதியையும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தால் போதும். கட்டியின் தன்மையைப் பொறுத்துக் கீமோதெரபி, டிராஸ்டுசுமாப் போன்ற இலக்குமுறை மருந்து, டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை ஆகியவை சேரும். கதிர்வீச்சுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு உள்ளது. வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம், மூன்று முதல் ஐந்து வாரங்கள் வரை அது நீளும் என்பதால் தங்குமிடம் பற்றி முன்னரே கேட்டறியவும். 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரிலிருந்து மதுரைக்கு மீண்டும் ரயில் ஓடுகிறது. கீமோதெரபிக்குப் பின் களைத்திருக்கும் உடலுக்குப் பேருந்தைவிட அது வசதி.

அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். மலையில் தங்கி வேலை செய்தாலும், குடும்ப அட்டை தேனி மாவட்டத்தில் இருந்தால் பதிவு இங்கேயே நடைபெறும். நோய் வந்தபின் சான்றுக்கு அலைவதைவிட, வேலை குறைந்த பங்குனி, சித்திரையில் இதை முடித்து வைப்பது எளிது.

ஹார்மோன் மாத்திரையைக் குறைந்தது ஐந்தாண்டுகள் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். கட்டியை எடுத்தாயிற்று, உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்துவோர் உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது. மலையில் தங்கும் பெண்கள் ஒவ்வொரு முறையும் எத்தனை நாட்களுக்குரிய மாத்திரை தர இயலும் என்று மருத்துவரிடம் கேட்டு, அதற்கேற்பப் பயணத்தைத் திட்டமிடலாம்.

அக்குள் நெறிக்கட்டுகளை அகற்றியவர்கள் சிலருக்கு அந்தப் பக்கத்துக் கை பின்னாளில் வீங்கக்கூடும். காய் பறிப்பவர்களுக்கு இது முக்கியம். தட்டைகளின் அடியில் கைவிட்டுச் சரங்களைத் தேடும்போது ஏற்படும் கீறலும் பூச்சிக்கடியும் அட்டைக்கடியும் அந்தக் கையில் தொற்றை உண்டாக்கி வீக்கத்தைத் தொடங்கிவைக்கலாம். முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணியவும். சிறு காயத்தையும் உடனே கழுவி மருந்திடவும். அந்தக் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய கருத்து. மருத்துவமனையில் கற்றுத்தரும் பயிற்சிகளைச் செய்து, வேலையைப் படிப்படியாகக் கூட்டலாம். மூட்டை தூக்கும் வேலைக்கு மட்டும் மருத்துவரின் ஒப்புதல் பெறவும். வளையல் வழக்கத்தைவிட இறுக்கமாகத் தெரிந்தாலோ, மாலையில் கை கனத்தாலோ காத்திராமல் வரவும். வீக்கம் தொடங்கும்போதே வருபவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் அழுத்த உறையும் நல்ல பலன் தருகின்றன.